உள்ளங்கைச் சீனி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

இது நடந்து நாலு வருடம் இருக்கும். அப்போது நானும் கிண்ணியாவைச் சேர்ந்த என் கூட்டாளியும் திருகோணமலைக் குடாவில் ஒரே வள்ளத்தில் மீன் பிடித்தோம். இருபது வருடப் பழக்கம். எனக்குக் குடலிறக்கம் வந்தது. பத்துக் கிலோ குறைந்தால்தான் ஒப்பரேசன் செய்யலாம், அதுவரை வலை இழுக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கூட்டாளி வேறொருவரை ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போவான். வள்ளம் சின்னதாகி மறையும்வரை நான் கரையில் நிற்பேன்.

சோற்றைப் பாதியாக்கினேன். இரவில் இரண்டு இடியப்பம்தான். மூன்று மாதம் கிளினிக் போயும் தராசு முள் இறங்கவில்லை. கூட்டாளியோ மலைபோல் சோறு சாப்பிட்டும் முருங்கைக்காய் மாதிரி இருந்தான். கடவுள் மேலேயே கோபம் வந்தது.

நாலாம் மாதம் அவனும் துணைக்கு வந்தான். வழியில் ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம், பால் விடாத வெறும் தேத்தண்ணி. எங்கள் கரையில் யாரும் அதற்குள் சீனி போடுவதில்லை. உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, ஒரு நக்கு, ஒரு மிடறு. அப்படித்தான் குடிப்போம்.

கிளினிக்கில் தாதி மிஸ் கேட்டார்: "தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களோ ஐயா?"

"இல்லை மிஸ்."

"சிலருக்கு உடம்பு வாசி அப்பிடி. உங்கட பிழை இல்லை. மனம் விடாதேங்கோ."

அந்தச் சொல் எனக்கு இனித்தது. வெளியே வந்து, "கேட்டியா? என்ட பிழை இல்லையாம்" என்றேன்.

"கையைக் காட்டு மச்சான்."

நீட்டினேன். வேர்வையில் ஒட்டிய சீனி மணிகள் வெயிலில் மினுங்கின.

"இது ஆர்ட பிழை? தராசிட பிழையா?" என்று கூட்டாளி சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன் நான். ஆனாலும் திரும்ப உள்ளே போனேன்.

"மிஸ், நான் சொன்னது சரியில்லை. தேத்தண்ணிக்குள்ள போடுறேல்ல. கையில போட்டு நக்கிறனான்."

"அப்ப இது நக்கி நக்கி வளத்த வயிறு!" என்றார் வாங்குப் பலகையில் காத்திருந்த ஒரு அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தினை தரம்?"

"எண்ணினதில்லை மிஸ்."

"இனி எண்ணுங்கோ."

எண்ணிப் பார்த்தேன். ஏழு தரம். கூடவே வடை, பொரித்த மீன்.

மறுநாள் கடையில் கூட்டாளியும் சீனி வாங்காமல் வெறும் தேத்தண்ணியைக் குடித்து முகத்தைச் சுளித்தான்.

"நீ நக்கு மச்சான்," என்றேன். "என்ட கையை நான் பாத்துக்கொள்ளுறன்."

பத்துக் கிலோ குறைய ஒன்றரை வருடம் எடுத்தது. ஒப்பரேசன் முடிந்து, காயமும் ஆறி, முதல் நாள் ஏறியபோது அவன், "இண்டைக்குத்தான் வள்ளம் நேரா நிக்குது" என்றான்.

இப்போது அவன் மகளோடு தோப்பூரில் இருக்கிறான். காலையில் தனியாகப் பிளேன்டீ குடிக்கும்போது என் இடது கை இன்றைக்கும் தானாக விரிகிறது. அந்த அநியாயமும் தீரவில்லை; அவன் இன்னும் ஒல்லிதான். ஆனால் விரிகிற கையை மூடுவது என் வேலை, அதை எனக்காக அவனாலும் செய்ய ஏலாது.

எழுதி முடித்தது: தை மாதம் இரண்டாம் திகதி, பட்டிப்பொங்கலன்று.