அம்மிக் குழவிக்குத் தாலாட்டு

எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்த செய்தி தோட்டத்துக்கு வரும்போதே ஒன்றைக் கழித்துவிட்டுத்தான் வந்தது. பையன் நல்ல கனம். பெண் குருவிக்குஞ்சு. பையனையும் தாயையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெண்ணை மட்டும் ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள் வைத்துக்கொண்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லமாட்டேன். பல் பிடுங்க இன்னமும் அங்கேதான் போகவேண்டியிருக்கிறது.

அப்போது நான் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பள்ளிக்கூட மாஸ்டர். எல்லா வகுப்புக்கும் நான் ஒருவனே. குடியிருந்தது தொழிலாளர் லயத்து வரிசையில் கடைசிக் காம்பரா, ஒரே அறை. கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகங்கள் இருந்தபடியால், உலகத்தில் நடப்பது எதற்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக லீவு கேட்டு ஆபீசுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒன்னு கையில இருக்குல்ல மாஸ்டர். அத நல்லா பாத்துக்கங்க. மத்தது ஆண்டவன் விட்ட வழி."

அவருக்கும் கண் இரண்டுதான். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, ஒன்னு இருக்குல்ல என்று கேட்டால் என்ன சொல்வார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. லீவு அவர் கையில் இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. தோட்டத்து மருந்துக்காரர் சொன்னார். பஸ் கண்டக்டர் அதையே சிங்களத்தில் சொல்லி, டிக்கட்டும் கொடுத்தார். ஆறுதல் என்பது இவ்வளவு மலிவாகக் கிடைக்கிற நாட்டில் வேறு எதுவும் கிடைக்காமல் போனதில் ஆச்சரியமில்லை.

ஏனென்றால், அரிசிக்கும் பாணுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது. அந்தக் காலத்தில்தான் ஆஸ்பத்திரி மிஸி, அதாவது கண்ணாடி அறைக்குப் பொறுப்பான நர்ஸ், ஆஸ்பத்திரியில் இருக்கிறது தீருமுன் பிள்ளைக்குப் பால்மா டின் வாங்கி வரச் சொன்னார். தாய் உள்ளே வரக்கூடாது. தாய்க்கு வார்டு டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. வார்டில் இருக்கும்வரை அவள் தாய். டிக்கட் வெட்டி வெளியே போனதும் வெளியாள். வெளியாளிடம் கிருமி இருக்கும். பார்வை நேரத்தில் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகலாம்.

படித்தவன் என்பவன் யார் என்றால், இப்படி ஒரு சட்டத்தைக் கேட்டதும் தலையாட்டிவிட்டுக் கடைக்குப் போகிறவன். நான் போனேன். பசாரில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். எங்கள் ஆட்களில் ஒருவரான மளிகைக்கடை முதலாளி, என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டார்.

"மாணிக்கக் கல்லு கேளுங்க மாஸ்டர், பின்னால போயி எடுத்துட்டு வாறேன். பால்மா கேக்காதீங்க."

"பால்மாவும் பின்னாலதான் இருக்குன்னு சொன்னாங்க, மொதலாளி."

"அப்ப சொன்னவன்கிட்டயே வாங்கிக்கங்க."

வெறுங்கையுடன் வீட்டுக்கு வந்தால், மனைவி பையனை மடியில் போட்டுக்கொண்டு, உடம்பு கொதிக்க உட்கார்ந்திருந்தாள்.

"நெஞ்சு கல்லாட்டம் கட்டிக்கிட்டுக் காய்ச்சல் அடிக்குது. இவன் குடிச்சது போக மிச்சத்தப் புழிஞ்சு, கால் படாத எடமாப் பாத்து முருங்கைக்கு அடியில ஊத்திட்டு வாறேன். நீங்க கடை கடையாப் பால் தேடிட்டு வாறீங்க."

நான் கிருமிகளைப் பற்றி எடுத்துச் சொன்னேன். தகரப் பெட்டியில் அதற்கும் ஒரு புத்தகம் இருந்தது.

"அந்த வார்டுல படுத்துக்கிட்டு நான்தானே அவளுக்குப் பால் குடுத்தேன்? அப்ப எங்க போயிருந்துச்சு உங்க கிருமி?"

நான் பெட்டியைத் திறந்து அந்தப் புத்தகத்தை மறுபடி புரட்டினேன்.

இதற்கிடையே வீட்டுக்குள் இன்னொரு தகராறு. பிள்ளைகள் வருவதற்கு முன்பே உத்தரத்தில் இரண்டு சேலைகளைக் கட்டித் தொட்டில் போட்டிருந்தோம். ஒன்றில் பையன். மற்றது காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது. அடுத்த காம்பராவில் இருந்த ரப்பர் பால்வெட்டுக்காரப் பெண், நாலு பிள்ளைகளுக்குத் தாய், வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

"வெறுந்தொட்டில் ஆடக்கூடாது மாஸ்டர். புள்ளைக்கு ஆகாது. அவுத்துருங்க, இல்லாட்டி உள்ள எதயாச்சும் வைங்க."

"அவுக்கமாட்டேன் அக்கா" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

அவ்வளவுதான் பேச்சு. சற்று நேரத்தில் அந்தப் பெண் தன் வீட்டு அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டிலில் கிடத்தினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பகுத்தறிவு, மூடநம்பிக்கை என்று பள்ளிக்கூடத்துக் குரலில் ஆரம்பித்தேன்.

"கல்லுக்குப் பொட்டு வெச்சுக் கோயில்ல வெச்சா சாமிங்கிறீங்க. தொட்டில்ல வெச்சா மட்டும் ஆகாதா? நீங்க படிச்சவரு, உங்களுக்கு வெளங்காது."

அன்று முதல் என் வீட்டில் ஒரு மகனும் ஒரு கல்லும். பையன் அழுதால் ஆட்டவேண்டும். ஒன்றை ஆட்டினால் மற்றதையும் ஆட்டவேண்டும் என்பது மனைவியின் சட்டம். வலது கையில் பையன், இடது கையில் குழவி. பள்ளிக்கூடம் விட்டு வந்து இப்படி நான் உட்கார்ந்திருந்ததை என் மாணவர்களே எட்டிப் பார்த்தார்கள். "மாஸ்டர் கல்லத் தூங்க வெக்கிறாரு" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டார்கள். தாலாட்டும் பாடினேன் என்பது பொய். மெதுவாகத்தான் பாடினேன்.

பக்கத்து வீட்டுக்காரி குழவி இல்லாமல் வீடு வீடாகப் போய் மிளகாய் அரைத்தாள். ஒருநாள் தண்ணீர்ப் பீலியில் வைத்து என்னைப் பிடித்தாள்.

"உங்க மகளால எங்க வீட்டுல சம்பல் அரச்சு எத்தன நாளாச்சு. சீக்கிரம் வரச் சொல்லுங்க அவள."

உங்க மக. கிளாக்கர், மருந்துக்காரர், கண்டக்டர் எல்லோரும் கணக்கில் தேர்ந்தவர்கள். அவர்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு பிள்ளைதான். சம்பல் கிடைக்காமல் கடுப்பாக இருந்த இவள் ஒருத்திக்குத்தான் இரண்டு.

கடைசியில் பால்மா, இல்லவே இல்லை என்று கும்பிட்ட அதே முதலாளியின் கடைப் பின்புறத்திலிருந்து வந்தது. மனைவியும் பையனும் நானும் டின்னுமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். தாயை உள்ளே விடச் சொல்லி பஸ்ஸில் எனக்குள்ளேயே ஒரு விண்ணப்பம் தயாரித்திருந்தேன், இலக்கணச் சிங்களத்தில். மிஸி பன்சலையில் பிக்குவின் உபதேசம் கேட்பதுபோலக் கடைசிவரை அடக்கமாகக் கேட்டார். பிறகு "பே" என்றார். முடியாது என்பதற்கு இதைவிடச் சின்னச் சொல் எந்த மொழியிலும் இல்லை.

மனைவிக்குத் தெரிந்தது பசாரில் காய்கறி பேரம் பேசுகிற சிங்களம். அதில் அவள் சொன்னது ஏறக்குறைய இதுதான்:

"மிஸி, இந்த டின்னு எலி ஓடுற ரூமுல கெடந்துச்சு. பஸ்ஸுல இவரு காலுக்கு அடியில வந்துச்சு. இது உள்ள போகலாம். நான் குளிச்சிட்டு வந்துருக்கேன். நான் போகக்கூடாது. அப்படியா?"

அவளுடைய சட்டையின் முன்புறம் நனைந்திருந்தது. மிஸி சட்டையைப் பார்த்தார். டின்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன். அவர் உள்ளே போய், கொதிநீரில் போட்டெடுத்த ஒரு கோப்பையோடு வந்தார்.

"இதில் எடுத்துத் தா. கரண்டியால் நான் கொடுக்கிறேன். உள்ளே வர மட்டும் கேட்காதே."

அன்றிலிருந்து மனைவி பையனைத் தூக்கிக்கொண்டு தினமும் பஸ் ஏறினாள். ஒரு திரைக்குப் பின்னால் நின்று கோப்பையை நிரப்பிக் கொடுத்துவிட்டு, தன் பால் தன் மகளின் வாய்க்குள் போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாள். வீட்டுக்கு அனுப்பும் நாள்வரை தொடவிடவில்லை. இதற்கு நாங்கள் நன்றியுடையவர்களாக இருக்கவேண்டும் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். மிஸிக்கு நன்றி சொல்லிவிட்டேன். அந்தச் சட்டத்துக்குச் சொல்ல இன்றுவரை மனம் வரவில்லை. டின் என்ன ஆனது என்று நான் கேட்கவுமில்லை, அவர்கள் சொல்லவுமில்லை.

பெண் வீட்டுக்கு வந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரி குழவியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் பிள்ளையை வாங்கிப் பார்த்தாள்.

"எங் கல்லுல பாதி கூட இல்ல" என்றாள். "ஆனா சத்தம் போடுது."

கல்லின் கனத்துக்கு இறங்கித் தொங்கிய சேலை, மகளைப் போட்டதும் ஏதோ தவறுதலாகத் தூக்கிவிட்டதுபோல மேலே ஏறி நின்றது. மனைவி முடிச்சை அவிழ்த்து அவளுக்கென்று மறுபடி கட்டினாள்.

சாயந்திரம் பெரிய கிளாக்கர் பிஸ்கட்டோடு வந்தார். இரண்டு தொட்டிலையும் பார்த்துவிட்டு, எல்லாம் தான் சொன்னபடியே நடந்ததுபோலத் திருப்தியோடு உட்கார்ந்தார். மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"பால் இல்லையா, மாஸ்டர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி சொன்னாள், வெகு மரியாதையாக:

"தேத்தண்ணி கையில இருக்குல்லங்க. அத நல்லா குடிங்க."

அவர் குடித்தார். அடுத்த காம்பராவில் சம்பல் அரைக்கிற சத்தம் கேட்க ஆரம்பித்தது.