பொருந்தவில்லை என்று சொன்னேன்

ஒரு நாள் காலை ஷூ காலில் ஏறவில்லை. ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் வேதியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பக்கத்து வீட்டு ரஃபீக், ஒரு ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வீங்கிய பாதத்தைப் பார்த்துச் சிரித்தார். “இன்னா சார், கட்டிங் தப்பா, காலு தப்பா?”

தப்பு கல்லீரலில் இருந்தது. சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போதல்). நான் குடித்ததில்லை, நெடுநாள் சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலை. மாற்று அறுவைதான் வழி (ஒருவரின் கல்லீரலில் ஒரு பகுதியை எடுத்துப் பொருத்துவது) என்றார் வேலூர் மருத்துவர்.

என் ஒரே மகள் சுமதி குடியாத்தத்தில் லுங்கி நெய்யும் குடும்பத்தில் வாழ்கிறாள். அவள் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம், நான் போகவில்லை. அவளோ நான் கேட்காமலே வந்து, முதற்கட்டப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினாள். பொருந்துகிறது என்று மருத்துவர் என்னிடம்தான் சொன்னார்.

“பொருந்தலம்மா” என்று போனில் சொன்னேன்.

அவள் உயிருக்குப் பயந்தேன் என்பது பாதி உண்மை. சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்கக் கூசினேன் என்பது மீதி.

அப்போதுதான் வெளியூர் கிளினிக் ஒன்றின் விளம்பரம் கண்ணில் பட்டது. ஸ்டெம் செல் சிகிச்சை (எலும்பு மஜ்ஜையின் மூல உயிரணுக்களைக் கல்லீரலுக்குள் செலுத்துவது). என் உடம்பிலிருந்தே எடுத்து எனக்கே தருவார்கள். யாரிடமும் கேட்க வேண்டாம்.

வேலூர் மருத்துவர் தடுத்தார். “இது இன்னும் ஆராய்ச்சியிலதான் சார் இருக்கு. தழும்பு கரையும்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. நாள் போய்டும்.”

தழும்பு என்பது கொலாஜன் என்ற புரதம். தோலும் அதுவே. பதனிட்ட தோல் மறுபடி பச்சைத்தோல் ஆகாது என்று ஆலையில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவன், இடுப்பெலும்பில் ஊசி இறங்கக் குப்புறப் படுத்தேன். தனியாகப் போனேன், தனியாக பஸ் ஏறி வந்தேன். சில வாரம் நன்றாகப் பசித்தது. அதைக் குணம் என்று நம்பினேன். பிறகு வயிற்றில் நீர் கோத்தது. அடுத்த ஸ்கேனில் கல்லீரலில் புற்றுக்கட்டி தெரிந்தது. மாற்று அறுவை செய்யும் கட்டம் தாண்டிவிட்டது என்றார்கள்.

சுமதி ஞாயிறுதோறும் கஞ்சித் தூக்கோடு வருவாள். “என் ரத்தமே ராசியில்லாத ரத்தம்பா” என்பாள். ஒரு ஞாயிறு அதைக் கேட்கத் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவள் கத்தவில்லை. வலது விலாவின் கீழே கையை வைத்துக்கொண்டாள். “அப்போ இது நல்லாத்தான் இருந்துச்சா?”

“நல்லாத்தான் இருந்துச்சும்மா.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லப்பா?”

தூக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் வரவில்லை.

இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று: கொடுக்க வந்தவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள், உங்கள் உரிமை. பொய் சொல்லாதீர்கள்.

ஊசி போட்டு நீரை எடுத்த மறுநாள் வயிறு லேசாக இருக்கும். கனக்கக் கனக்க நாள் போயிருப்பது தெரியும். வலப்பக்கம் திரும்பிப் படுத்தால்தான் நோவு குறைகிறது. ஞாயிறுகளில் மட்டும், குடியாத்தம் பஸ் வரும் நேரம் தாண்டும்வரை, இடப்பக்கமே படுத்திருக்கிறேன். வாசல் அந்தப் பக்கம் இருக்கிறது.