ஹோமம் அல்ல, ஹோம்

என் வகுப்பில் எல்லோரும் மகாபலிபுரம், ஊட்டி என்று எழுதப்போகிறார்கள். நம் கையெழுத்துப் பத்திரிகைக்கு நான் எழுதுவது வெறும் பதின்மூன்று கிலோமீட்டர் பயணம்: அரக்கோணத்திலிருந்து திருத்தணி. போன ஏப்ரலில், ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் கிளம்பினோம். நைனா அடித்ததில் அம்மாவின் இடது மணிக்கட்டு பிசகியிருந்தது. கட்டுப் போட்ட நர்ஸம்மா, "திருத்தணியில பொம்பளைங்களுக்குன்னு ஒரு ஹோம் இருக்குது. பசங்களையும் கூட்டிக்கினு போலாம்" என்று சொல்லியிருந்தார். என் பரீட்சைக்காக அம்மா அதுவரை பொறுத்திருந்தாள். இதே பயணம் போகவேண்டியவர்கள் இதைப் படிக்கும் வீடுகளிலும் இருக்கலாம். அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

காலை பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது. (கரி இஞ்சின், கண்ணில் தூசி விழும், எதிர்ப்பக்கம் பார்த்து உட்காருங்கள்.) எனக்கு முழு டிக்கெட், தங்கை கமலாவுக்கு அரை டிக்கெட். அம்மா உதட்டை அசைத்து எதையோ மனப்பாடம் செய்துகொண்டே வந்தாள். சாயங்கால ரயிலுக்குள் ஹோமில் இடம் கிடைக்காவிட்டால் திரும்ப வேண்டியதுதான். நைனா தறிக் கொட்டகையிலிருந்து வருமுன் உலை வைத்திருக்க வேண்டும். "இன்னொரு வாட்டி கிளம்ப எனக்குத் தைரியம் வராதுடி" என்றாள்.

ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரரிடம், "ஹோம் போவணும்" என்றாள் அம்மா.

"ஹோமமா? ஆங், மலை மேலதாம்மா. ஏறுங்க!"

அடிவாரத்தில் இறக்கிவிட்டார். படிகள் அகலம், ஆனால் வெயிலில் சுடும், வெறுங்காலோடு ஓடாதீர்கள். நடுவழியில் திரும்பிப் பார்த்தால் குளமும் ஆந்திரப் பக்கத்து மலைகளும் தெரியும். கமலாவுக்குக் குரங்குகளைப் பார்த்ததில் ஒரே குஷி.

மேலே குருக்கள் அன்பாக விசாரித்தார். "யார் பேருக்கும்மா ஹோமம்? நட்சத்திரம் சொல்லுங்கோ."

"நட்சத்திரம்லாம் கேப்பாங்கன்னு நர்ஸம்மா சொல்லலியே சாமி. இந்தப் புள்ளைங்களையும் சேத்துக்குவீங்களா?"

"தாராளமா! குடும்பத்தோட சேத்துக்கலாம்."

அம்மாவின் முகம் மலர்ந்தது. "எத்தினி நாள் இருக்கலாங்க?"

"நாளா? ஒரு மணி நேரத்துல முடிஞ்சுடும்மா."

அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுப் போட்ட கையைப் பக்கத்தில் இருந்த பூக்கார அக்கா கவனித்தாள். "ஐயே, நீ கேக்கறது ஹோமம் இல்லம்மா, ஹோமு! அது கீழ இல்ல இருக்குது? ஒனக்காவ சாமி நெருப்பு மூட்டிடப் போறாரு!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். குருக்களும் சிரித்துவிட்டார். கடைசியில் அம்மாவும் சிரித்தாள். அந்தச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. அக்கா பூக்கூடையைப் பக்கத்துக் கடையில் வைத்துவிட்டுக் கூடவே இறங்கி வந்தாள்.

அது ஓட்டு வீடு. வாசலில் பலகை கிடையாது. கதவைத் திறந்த வார்டன் அக்கா, "சாப்டீங்களா?" என்றார்.

"நான் ஒண்ணும் பண்லீங்க" என்றாள் அம்மா. ரயிலில் மனப்பாடம் செய்த பதில் அதுதான். 'நீ என்ன தப்பு பண்ணே?' என்றுதான் முதலில் கேட்பார்கள் என்று நினைத்திருந்தாளாம்.

"ஒண்ணும் பண்ண வேணாம். கை கழுவிக்கினு உக்காருங்க."

கத்தரிக்காய்க் குழம்பு. நான் மூன்று முறை சோறு வாங்கினேன். சாயங்கால ரயில் ஊதிய சத்தம் கேட்டபோது அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எழுப்பவில்லை.

அங்கே தையல் கற்றுத் தருகிறார்கள். சனிக்கிழமை வக்கீல் அம்மா வந்து கேஸ், ஜீவனாம்சம் எல்லாம் விளக்குகிறார். நம் பள்ளியில் என்னை எட்டாம் வகுப்பில் சேர்க்க வார்டன் அக்காவே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம், ஹோம் பற்றி யாரோ சொல்லக் கேட்டு நைனா தேடி வந்தார். இதைப் பூக்கார அக்கா சொல்லித்தான் தெரியும். அதற்குள் ஜட்காக்காரருக்கு அவள் எங்கள் கதையைச் சொல்லியிருந்தாள். ஸ்டேஷனில் நைனா, "பொண்டாட்டி ஓடியாந்துட்டா. ஹோம் எங்கய்யா?" என்று கேட்டதும் அவர், "ஹோமமா? ஆங், ஏறு நைனா, மலை மேலதான்!" என்று ஏற்றிக்கொண்டாராம். மேலே குருக்கள், பெண்டாட்டி பிள்ளைகள் நட்சத்திரம் கேட்டாராம். நைனாவுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லையாம். மொட்டை வெயிலில் இறங்கி வந்து அடுத்த ரயிலைப் பிடித்துவிட்டாராம். கேட்டுவிட்டு அம்மா ஊசியில் நூல் கோக்க முடியாமல் சிரித்தாள். என்னுடையது அஸ்வினி, அம்மாவுடையது ரோகிணி.

வர நினைப்பவர்களுக்கு: மாற்றுத் துணி, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ், குடிக்கத் தண்ணீர் போதும். அந்த வீடு எந்தத் தெரு என்று நான் எழுதமாட்டேன்; பத்திரிகையை நைனாக்களும் படிப்பார்கள். வண்டிக்காரரிடமும் கேட்காதீர்கள், மலை ஏற வேண்டிவரும். நேரே திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போய், பிரசவ வார்டில் இருக்கும் ஆயாவிடம் கேளுங்கள். அந்தக் கதவுக்குள் ஆண்களை விடுவதில்லை. நீங்கள் தாராளமாகப் போகலாம்.