ஜூனில் குளிர் என்று நம்பியதால் வந்த பிழை

பிழை விட்டவளும் நான்தான், அதைக் கண்டுபிடித்தவளும் நான்தான். அப்போது மெல்பேர்னில், மல்கிரேவ் அலுவலகத்தில் என் புரொபேஷன் முடிய இரண்டு கிழமை இருந்தது.

வேலை இதுதான். இமயமலைக்கு வடக்கே, நாலாயிரம் மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த ஒரு மணற்படுகை. அதன் நடுவே ரோட்டுப் போடுகிறார்கள். அந்த ஊர்ச் சனம் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு பாதை இல்லை. ரோட்டை மணல் மூடாமல் இருக்க எந்தப் பக்கம் வேலி அடைப்பது என்று நாங்கள் சொல்ல வேண்டும். காற்று வருகிற பக்கம் தள்ளி அடைத்தால் மணல் வேலியடியிலேயே விழுந்துவிடும். மறுபக்கம் அடைத்தால் மணல் வேலியில் தடக்குப்பட்டு ரோட்டிலேயே குவியும். அதைவிட வேலி இல்லாமலே விடலாம்.

அலுவலகத்தில் ஒரு எக்ஸெல் டெம்ப்ளேட் இருந்தது. காற்றுத் தரவைப் போட்டால், குளிர்காலத்தையும் வசந்தத்தையும் மட்டும் எடுத்து, மணல் எந்தத் திசைக்கு நகரும் என்று ஒரு அம்புக்குறி தரும். காற்று கிழக்கிலிருந்து என்றது அம்பு. நானும் கிழக்கே வேலி வைத்துப் பிளான் கீறி, ரோட்டுப் போடுகிற கிளையண்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த கிழமை அங்கே நின்ற சர்வேயர் படங்கள் அனுப்பினார். மணல்மேட்டின் செங்குத்தான முகம் காற்று போகிற பக்கம்தான் இருக்கும். படத்தில் அது கிழக்கே இருந்தது. அப்படியென்றால் காற்று மேற்கிலிருந்து வருகிறது.

டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தேன். குளிர்காலம் என்ற இடத்தில் ஜூன், ஜூலை, ஓகஸ்ட். மெல்பேர்னுக்குச் சரி. அந்தப் படுகைக்கோ அது கோடை. மழை விழுந்து மணல் ஈரமாகக் கிடக்கும், கிழக்குக் காற்று மெல்ல வீசும். டிசம்பரிலிருந்து மே வரைதான் மேற்குக் காற்று காய்ந்த மணலை அள்ளிக்கொண்டு போகும். காற்று இரண்டு மடங்கு வேகமானால் மணல் ஏறக்குறைய எட்டு மடங்கு நகரும். ஆகவே அந்த மாதங்களைத் தவறவிட்டால் எல்லாமே தவறு. தென்மேற்கே சோளகம், வடகிழக்கே வாடை என்று காற்றை மாதம் வைத்தே அறிந்த யாழ்ப்பாணத்தாள் நான். ஜூனில் கோட்டுப் போட்டுப் பழகி இதைக் கோட்டை விட்டேன். என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது.

டெம்ப்ளேட்டைச் செய்தவர் சென்னைக்காரர் சரவணன். பக்கத்து மேசை. அவரிடம் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா, ரெண்டு வாரம் சும்மா இருங்க. வேல கன்ஃபர்ம் ஆனதும் சொல்லிக்கலாம். இப்ப சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க."

"ரெண்டு கிழமையில அங்க தூண் நட்டுப்போடுவாங்கள் தம்பி. பிறகு ஆர் பிடுங்கிறது?"

மனேஜர் பீட்டரிடம் போனேன். பன்னிரண்டு மாதத்துக்கும் தனித்தனியாக, காற்றின் திசையும் வேகமும் காட்டுகிற விண்ட் ரோஸ் போட்டு, சர்வேயரின் படத்தையும் மேசையில் வைத்தேன். நிச்சயமா என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு என்னை வைத்துக்கொண்டே ஸ்பீக்கரில் கிளையண்டுக்குப் போன் எடுத்தார். மறுமுனையில் இருந்தவர் கொதித்துப்போய், இது யாருடைய பிழை என்று கேட்டார். டெம்ப்ளேட் என்று சொல்லியிருக்கலாம். என்னுடையது என்றேன். திருத்திய டிசைன் நாளைக்கு வரும் என்றும் சொன்னேன். வந்தது.

புரொபேஷனை மூன்று மாதம் நீட்டினார்கள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் காற்றுக்காலம் முடிந்ததும் சர்வேயர் இன்னொரு படம் அனுப்பினார். மேற்கு வேலியடியில் நெஞ்சளவு மணல். ரோட்டில் ஒரு பிடி மண் இல்லை. அதைப் பார்த்து அழுதேன், பெருமையில்தான். சரவணன் டெம்ப்ளேட்டிலிருந்து பருவப் பெயர்களைத் தூக்கிவிட்டு மாதங்களைப் போட்டார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் பிழையை மற்றவன் சொல்லுமுன் நீங்கள் போய்ச் சொல்லுங்கள். அடுத்த படுகையில் வேலை வந்தபோது, அன்று போனில் கொதித்த அதே மனிதர் ஒரு நிபந்தனை வைத்தார். டிசைனில் என் கையெழுத்து இருக்க வேண்டுமாம்.