உரம் போடாத ஐந்து கட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்திலிருந்து எங்கள் கல்லூரி ஆய்வக உதவியாளர் முத்தையா போன் செய்தார். "சார், நம்ம சங்கரபாண்டியன் சார் போயிட்டாவ. நெஞ்சு வலிக்குன்னு ஒக்காந்தாவளாம், அம்புட்டுதான்." பதினைந்து வருடம் தாவரவியல் துறையில் என் எதிர் மேசையில் உட்கார்ந்தவன். ஆனால் நான் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல கூட்டமா?" என்பதுதான். "தெருவே அடைச்சு நிக்கி சார்," என்றார் முத்தையா. எனக்கு வயிறு எரிந்தது. நான் செத்துப்போனால் இவ்வளவு பேர் வரமாட்டார்கள்.

கல்லூரி மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். 'அவர்' என்று மரியாதையாக எழுதச் சொன்னார்கள். என்னால் முடியாது. ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே வயது. உயிரோடு இருந்தபோது கொடுக்காததை இப்போது கொடுத்தால் அவனே சிரிப்பான். நீங்கள் அவனுடைய நண்பர்கள், மாணவர்கள். அவனை நல்லவன் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனக்கு அவன்மீது இருந்தது பொறாமை. அதைச் சொல்லாமல் நான் எழுதும் அஞ்சலி வெறும் காகிதம்.

மம்சாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் அவன். மண்ணை அள்ளி மோந்து பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவான். ஒரு சித்திரையில் செண்பகத்தோப்பு அடிவாரத்தில் முதல் கோடை மழை பெய்த மறுநாள் இருவரும் போயிருந்தோம். இலையுதிர்ந்து கிடந்த காட்டில் ஒரு பிடி மண்ணை எடுத்தான். "நாலு மாசமா வாயக் கட்டிக் கெடந்துச்சுலே. ஈரம் பட்டதும் இருக்கத எல்லாம் கக்குது பாரு," என்றான். நான் அந்த மண்ணைக் கொண்டுபோய்க் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி, மூன்று நாள் கழித்துத் தழைச்சத்தின் அளவைக் கண்டுபிடித்தேன். போன மாதத்தைப்போல மூன்று மடங்கு. எண் என்னுடையது. ஆனால் ஊரெல்லாம் பேசியது அவன் மூக்கைப் பற்றி.

அதற்கடுத்த வருடம் ஒரு சோதனையைத் தொடங்கினோம். காட்டு மண்ணில் தழைச்சத்து பருவத்துக்குப் பருவம் எப்படி ஏறி இறங்குகிறது, வெளியிலிருந்து உரம் போட்டால் அது என்ன ஆகிறது என்பது கேள்வி. அதே அடிவாரத்தில் முளை அடித்து, கயிறு கட்டிப் பத்துக் கட்டங்கள் பிரித்தோம். ஐந்தில் யூரியா போட்டோம். ஐந்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒன்றும் போடாமல் விட்டோம். யோசனையைச் சொன்னது நான். பொறுப்பாளராக முதல்வர் போட்டது அவனை. "பசிச்சவன் எலையில வச்சாத்தான் அது சோறு. பசி இல்லாதவன் எலையில வச்சா குப்பைக்குத்தான் போகும். காட்டுக்கு எப்பப் பசிக்கும்னு பாப்போம்," என்று அவன் வகுப்பில் சொன்னதை மாணவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னது எதையும் யாரும் நோட்டில் எழுதியதில்லை, பரீட்சைக்கு வரும் என்று சொன்னால் தவிர.

புரட்டாசியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். இரண்டு வாரம் அவன் காட்டுப் பக்கம் வரவில்லை. மண் எடுக்க நான் தனியாகப் போனேன். உரம் போடாத ஐந்து கட்டங்களிலும் காலடி வைக்க இடமில்லாமல் ஆட்டுப் புழுக்கை. அந்தப் பக்கம் மேய்ச்சலுக்கு வரும் கிடைக்காரர் மாடசாமி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். விவசாயம் பார்க்கும் சம்சாரிகளின் வயலில் உரத்துக்காக ஆடுகளை அடைத்துக் கிடை மறிப்பவர் அவர். என்னைப் பார்த்து எழுந்து வந்தார். "அஞ்சுக்குத்தான் யூரியா போட்டிருக்கிய. மிச்சத்துக்குப் பத்தல போலன்னு நெனச்சேன். பாவம், வாத்தியாருமாரு வெள்ளாமைன்னு நாலு நாளு அதுல கிடையப் போட்டேன். எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார்," என்றார்.

அவரிடம் நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல? வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. நாளைக்கு அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். சைக்கிள் ஊருக்குள் வருவதற்குள் வேறொரு எண்ணம் வந்துவிட்டது. மூக்குதான் இருக்கிறதே, அவனே கண்டுபிடிக்கட்டும். அவன் திரும்பி வருவதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. புழுக்கை கரைந்து சேறோடு சேறாகிவிட்டது.

உரம் போட்ட மண்ணைவிடப் போடாத மண்ணில் தழைச்சத்து கூடுதலாக வந்தது. "ராகவா, எங்கயோ இடிக்கே. ஒனக்கு ஏதும் தெரியுமா?" என்று கேட்டான். "மண்ணக் கேளு. ஒங்கிட்டதான் அது பேசுமே," என்றேன். நோட்டை மூடிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டான்.

மதுரையில் நடந்த கருத்தரங்கில் அந்த எண்களை அப்படியே படித்தான். நான் கடைசி வரிசையில் காத்திருந்தேன். ஒரு மூத்த பேராசிரியர் எழுந்து, இது எப்படிச் சாத்தியம் என்று கேட்டார். "எனக்குத் தெரியவில்லை ஐயா. மறுபடியும் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்," என்றான். அவன் அவமானப்படுவான் என்று காத்திருந்தேன். அரங்கம் கைதட்டியது. தெரியவில்லை என்று சொல்லிக் கைதட்டு வாங்கியவனை அன்றுதான் பார்த்தேன்.

போய்ப் பார்த்தான். மாடசாமியைக் கண்டுபிடித்தான். சோதனை பாழ் என்று தலையில் கைவைக்காமல், புதிதாகப் பதினைந்து கட்டம் போட்டான். ஐந்துக்கு யூரியா, ஐந்துக்குக் கிடை, ஐந்து சும்மா. இரண்டு வருடம் பார்த்தோம். யூரியா அடைமழையில் கரைந்து ஓடியது, கிடை போட்ட மண் தை மாதம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. நீங்கள் எல்லோரும் அவனைப் பாராட்டும் அந்த வேலை இதுதான். கட்டுரையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரையும் போட்டான். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததில் விளைந்த பெருமை, அதுவும் அவனுக்கே போய்ச் சேர்ந்தது. எனக்குத் தெரிந்திருந்தது என்பது அவனுக்குத் தெரியுமா என்று பல வருடம் உள்ளுக்குள் அரித்தது. நான் கேட்கவில்லை. அவனும் பேச்செடுக்கவில்லை.

அடக்கத்தன்று மாடசாமி வந்திருந்தார். கம்பு ஊன்றி நடக்கிறார் இப்போது. என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடி போட்ட சாரு நீங்கதான? அன்னைக்கு அவிய வந்து கேக்கையில சொன்னேன், 'கண்ணாடி போட்ட சார்ட்ட அப்பமே சொல்லிட்டேனே'ன்னு."

"அவன் என்ன சொன்னான்?"

"குனிஞ்சு ஒரு பிடி மண்ண அள்ளுனாவ. பொறவு, 'ஆமாண்ணாச்சி, அவன் சொன்னான். நாந்தான் மறந்துட்டேன்'னாவ."

எனக்கு அங்கே அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. என் நிலையில் அவன் இருந்து, அவன் நிலையில் நான் இருந்திருந்தால், 'இவன் தெரிந்தே மறைத்துவிட்டான்' என்று மதுரை வரை கேட்கும்படி சொல்லியிருப்பேன். பஸ் ஏறி, அவன் ஊருக்குச் சாலை பிரியும் மம்சாபுரம் விலக்கு தாண்டிய பிறகுதான் அழுதேன்.

அவன் புத்தகங்களைக் கல்லூரி எடுத்துக்கொண்டது. கருவிகள் ஆய்வகத்தில் இருக்கின்றன. அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு பொய்தான். அதை இத்தனை வருடம் அவன் எனக்காக வைத்திருந்தான். நானும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் அவனை அறிந்த நீங்கள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. சங்கரபாண்டியன் எதையும் மறக்கிறவன் இல்லை. நான் அவனிடம் சொல்லவே இல்லை.