தண்ணீர் ஊற்றிய சாக்குகள்

செல்லத்தாய் அக்கா போய்விட்ட செய்தி கைப்பேசியில்தான் வந்தது. கீழே கம்பம் டவுனில் மகள் வீட்டில் உயிர் பிரிந்ததாம். பதினொரு வீடும் ஒரே வரிசையாய் நிற்கிற நம் லயத்தின் குழுவில் அவள் படத்தைப் போட்டு, கீழே "பொறுமையின் வடிவம்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் கீழே கைகூப்பிய பொம்மைகள். நான் கைகூப்பவில்லை. அவளோடு இருபத்தெட்டு வருடம் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்தவள் நான். வேலையிலிருந்து நின்ற பிறகும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவள். அவள் பொறுமைசாலி இல்லை. அந்தப் பொய்யோடு அவளை அனுப்ப விடமாட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போகாதவள். கடையில் பொட்டலம் கட்டித் தந்த தாள்களை வைத்து எழுத்துப் படித்தவள். பிழை இருந்தால் திருத்துங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

எஸ்டேட் மண்ணில் செடி எதுவும் நடக்கூடாது என்று முதலில் உத்தரவு வந்தபோது நாமெல்லாம் வாயை மூடிக்கொண்டோம். அவள் உரச்சாக்கு, பெயின்ட் வாளி, அடி போன கொழுந்துக் கூடை என்று சேர்த்தாள். ஆட்டுப் புழுக்கையும் சாம்பலும் காய்கறித் தோலும் மக்கவைத்துத் தானே மண் உண்டாக்கினாள். ஃபீல்டு ஆபீசர் வந்து கேட்டார்.

"மண்ணுலதானய்யா நடக்கூடாதுன்னிய? இது சாக்குல்லா" என்றாள். அவர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

போன சித்திரையில் அடுத்த நோட்டீஸ். மேலே பழைய பங்களாவில் சுற்றுலாக்காரர்கள் தங்கப் போகிறார்களாம். அவர்கள் ஜீப்பில் போகிற வழியில் நம் வாசல் அசிங்கமாகத் தெரிகிறதாம். சாக்கு, வாளி எல்லாவற்றையும் சனிக்கிழமை மதியத்துக்குள் எடுத்துவிட வேண்டும். நான் வெள்ளிக்கிழமையே என்னுடைய ஆறு வாளிகளையும் பின்பக்கம் தூக்கி வைத்தேன். நீங்களும் அப்படித்தான் செய்தீர்கள்.

சனிக்கிழமை காலை, சாக்கு தூக்க உதவலாமே என்று அவள் வாசலுக்குப் போனேன். அவளோ தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். கொத்தமல்லிக்கு வெயில் படாமல் பழைய சேலையை விரித்தாள். பீன்ஸ் இலையில் புழுவைப் பொறுக்கிச் செருப்பால் தேய்த்தாள். அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் ஆறு மணி முதல் ஏழு மணி வரைதான். பிடித்த தண்ணீர் முழுவதையும் ஒவ்வொரு சாக்காக ஊற்றினாள்.

"எக்கா, நனைஞ்சா ரெட்டைக் கனமுல்லா? காய்ஞ்சபடியே தூக்கிட்டுப் போயி அங்க வச்சு ஊத்துவோம்."

"நீ ஒன் வாளியப் போயிப் பாரு."

சுருக்கென்றது. "கிறுக்கா புடிச்சிருக்கு ஒனக்கு? இடுப்பு ஒடிஞ்சிரும்!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. அரிசி கழுவிய தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர், குளிக்க வைத்திருந்த தண்ணீர், எல்லாம் சாக்குக்குள் போயிற்று. மதியம் பார்த்தால் அத்தனையும் சொட்டிக்கொண்டு நின்றன.

ஆபீசர் வந்தார். கூட நம் லயத்து ஆண்கள் இரண்டு பேர். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும்.

"நோட்டீஸ் தந்ததல்லே சேச்சி? ஒண்ணும் மாற்றியில்லல்லோ?" ஒன்றையும் எடுக்கவில்லையே என்று மலையாளத்தில் கேட்டார்.

"ஒங்களுக்கு வேண்டாம்னா நீங்க எடுங்கய்யா."

இரண்டு பேரும் ஒரு சாக்கை முக்கித் தூக்கினார்கள். வெயிலில் இற்றுப்போன சாக்கு. அடி பிய்ந்து சேறு முழுக்க ஆபீசர் ஷூவில் கொட்டியது.

"கனமாவாய்யா இருக்கு?" என்று கேட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நான் தூக்கப்போறேன்னு யாருட்டி ஒனக்குச் சொன்னா? தூக்குதவனுக்குத்தான கனம்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்தேன்? என் வாளிகளைத் திரும்ப முன்னால் கொண்டுவந்து வைத்தேனா? இல்லை. வாசலில் நின்று பார்த்தேன். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பதினொரு வாசலிலும் சாக்கு நனைந்து நின்றிருந்தால் அந்த இரண்டு பேரால் என்ன செய்திருக்க முடியும்? டிராக்டர் வந்தது. மண்வெட்டியால் வெட்டி அள்ளிக் காயோடு பூவோடு கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டினார்கள். சந்தடியில் ஒரு மிளகாய்ச் செடியை மட்டும், மஞ்சள் பெயின்ட் வாளியோடு, காலால் என் வாசலுக்குத் தள்ளினாள். "கேட்டா ஒன்னுதுன்னு சொல்லு." அதையும் நான் பயந்து பின்பக்கம் ஒளித்து வைத்தேன்.

அடுத்த மாதமே அவள் கம்பத்துக்கு இறங்கிவிட்டாள். வெறும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது என்றுதான் போனாள். பொறுத்தது அவள் இல்லை, நாம். நீங்கள் போட்ட அந்தப் படத்தில் அவளுக்குப் பின்னால் தக்காளி சிவப்பாகத் தொங்குகிறதே, அது எங்கே போனது என்று கைகூப்பிய ஒருவராவது கேட்டீர்களா?

அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த மஞ்சள் வாளிதான். செய்தி வந்த அன்றே அதை முன்வாசல் படியில் கொண்டுவந்து வைத்துவிட்டேன். நோட்டீஸ் இன்னும் சுவரில்தான் இருக்கிறது. தினமும் காலையில் குழாயில் வருகிற முதல் தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறேன், வாளி நிரம்பி வழிகிற வரைக்கும். தூக்க வருகிறவர்கள் வரட்டும்.