கிழக்குக் கேலரி

காலி நாற்காலிகளைக் கண்டால்தான் மென்கா தலெவ்ஸ்காவுக்குப் பயம் என்று கிளப்பில் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பெர்த்தில், எங்கள் கால்பந்து கிளப்பின் உறுப்பினர் மேசை அவருடையது. சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அட்டை அனுப்புவார். போன வருஷம் வாங்கி இந்த வருஷம் விட்டவர்களை போனில் கூப்பிட்டு ஏன் என்று கேட்பார். பையன் ஆஸ்திரேலியர்களின் முட்டைப் பந்து ஆட்டத்துக்குப் போய்விட்டான் என்பார்கள். கோடையில் கிரிக்கெட் இருக்கிறதே என்பார்கள். ஆட்ட நேரத்தைத் திட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் "சரிங்க, புரியுதுங்க" என்று சொல்லிவிட்டு, வீட்டில் யாருக்கு முட்டி வலி, யாருக்குப் பேரன் பிறந்தான் என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார். நான் சந்தைப்படுத்துதல் படித்துப் பட்டம் வாங்கி அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது. கோதுமைக்காட்டு ஊரில் டிராக்டர் காலண்டருக்குப் பக்கத்தில் அம்மா அதை மாட்டி வைத்திருக்கிறார். என் மேசை மென்காவின் மேசைக்கு எதிரே இருந்ததால் இந்தக் கதை எனக்குத் தெரியும்.

மென்கா வேலை பார்த்த வங்கிக் கிளை மூடப்பட்டபின் நாற்பது வயதில் கிளப்புக்கு வந்தவர். அவருடைய அப்பா டைல்ஸ் பதிப்பவர். ஞாயிறு காலைகளில், மாசிடோனியாவிலிருந்து குடியேறியவர்களின் பழைய கிளப் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார். அம்மா அதே மைதானத்து ஓரத்தில் கரியடுப்பில் இறைச்சி உருண்டை சுடுவார். தேசிய லீக்கைப் புதிதாகக் கட்டியவர்கள் அந்த மாதிரிக் கிளப்புகளை உள்ளே விடவில்லை. அந்தக் கோபத்தில் அந்த மக்கள் எங்கள் மைதானத்துப் பக்கமே வருவதில்லை. மென்கா எங்களிடம் சேர்ந்தபோது அவருடைய தாய்மாமா கோலே, "எதிரி வீட்டுக்குப் பாத்திரம் கழுவப் போறா" என்று ஊர் முழுக்கச் சொன்னாராம்.

எங்கள் மைதானத்தில் மேற்குக் கேலரிக்குக் கூரை உண்டு. கிழக்குக் கேலரிக்குக் கிடையாது. டிவி கேமரா மேற்குக் கூரையில் இருந்து கிழக்கைப் பார்க்கிறது. வருகிறவர்கள் நிழலைத் தேடி மேற்கில் உட்காருவார்கள். நாடு முழுக்கத் தெரிவது கிழக்கின் நீல பிளாஸ்டிக் மட்டும். எத்தனை பேர் வந்தாலும் டிவியில் நாங்கள் ஆளில்லாத கிளப்தான். ஆட்ட நேரத்தையும் சிட்னியில் இருப்பவர்கள்தான் வைக்கிறார்கள். அவர்கள் ராச்சாப்பாடு முடித்து சோபாவில் சாயும் எட்டு மணி எங்களுக்குச் சாயங்காலம் ஐந்து. ஜனவரியில் ஐந்து மணி என்றால் கிழக்குக் கேலரியின் முகத்துக்கு நேரே சூரியன்.

அந்த ஜனவரியில் டயர் கம்பெனிக்காரர்களின் ஸ்பான்சர் ஒப்பந்தம் முடிய இருந்தது. எங்கள் வணிக மேலாளர் பாஸ்கோ கெட்டவரில்லை, பயந்தவர். இன்னொரு முறை அந்தக் கேலரி காலியாகத் தெரிந்தால் அடுத்த வருஷம் கிளப்பே இருக்காது என்று எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார். வருகிற ஆட்டத்துக்கு மேற்குக் கேலரியின் கீழ்ப்பாதியைக் கயிறு கட்டி மூடுவது, கிழக்கை இலவச டிக்கெட் கொடுத்து நிரப்புவது என்று முடிவானது. நிரப்ப யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு எல்லோரும் மென்காவைப் பார்த்தோம்.

ஒரு வாரம் அவர் போனை வைக்கவேயில்லை. கடைசியாகத்தான் கோலே மாமாவைக் கூப்பிட்டார். மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. நகருக்கு வெளியே வனரூவில் காய்கறித் தோட்டம் போட்டவர். நெஞ்சில் ஒரு பெரிய ஆபரேஷன் ஆகியிருந்தது.

"சும்மா டிக்கெட்டா? அப்ப ஆட்டம் எந்த லட்சணத்துல இருக்கும்னு தெரியுது."

"எனக்காக வாங்க மாமா."

"உனக்காக வரேன். உங்க கிளப்புக்காக இல்ல. அத உங்க முதலாளிகிட்ட சொல்லிடு."

ஆட்டத்தன்று வெயில்தான், ஆனால் தாங்கக்கூடிய வெயில் என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். எங்கள் ஊரில் மத்தியானமானால் கடலில் இருந்து காற்று வந்துவிடும். அதற்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் டாக்டர். டாக்டர் வந்துவிட்டால் எந்த வெயிலும் பாதியாகிவிடும். அன்று மூன்று மணி வரை வரவில்லை. மேற்குக் கூரைமேல் இருந்த கிளப் கொடி கடலைப் பார்த்து விறைத்து நின்றது. பாலைவனத்துக் காற்று கிழக்கிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். மென்கா அந்தக் கொடியைப் பார்ப்பதும் குனிந்து தரையைப் பார்ப்பதுமாக இருந்தார். "வந்துடும்" என்று என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

மென்கா கூப்பிட்ட மக்களோடு பஸ்கள் வந்தன. கிழவர்கள், கிழவிகள், மகன்கள், மருமகள்கள் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் இறங்கினார்கள். மென்கா தானே கையைப் பிடித்து மாமாவையும் அவர் மனைவி வஸ்கா அத்தையையும் நடு வரிசையில் உட்காரவைத்தார். கேமராவுக்கு நேரே.

"என்னடி இது, மொளகாய நூல்ல கோத்து காயப்போடற மாதிரி எங்களக் காயப்போட்டிருக்க?" என்றார் மாமா. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மென்காவும் சிரித்தார்.

ஆட்டம் தொடங்கியது. நான் கேலரிக்குக் கீழே, டிவிப் படம் ஓடும் சிறிய திரைக்குப் பக்கத்தில் இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. நீலமே தெரியவில்லை, முழுக்கத் தலைகள். பாஸ்கோ வாக்கி டாக்கியில் என்னைப் பாராட்டினார், மென்காவைப் பாராட்டினார், கடவுளையும் பாராட்டினார். இடைவேளைக்கு முன்பு சிட்னிக்காரர்கள் கேலரியை ஒரு முறை சாவகாசமாகக் காட்டுவார்கள், டயர் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்ப்பார்கள் என்றார்.

தண்ணீர்க் கடை வரிசை படிக்கட்டு வரை வளர்ந்தது. ஒரு கிழவி குடை விரித்தார்; பின்னால் இருப்பவர்களுக்கு மறைக்கிறது என்று காவலாளி மடக்கச் சொன்னான். மடக்கினார். கைப்பையைத் தலையில் வைத்துக்கொண்டார். வெயில் தாங்காது என்று நடுவர் ஆட்டத்தை நிறுத்தி வீரர்களுக்குத் தண்ணீர் குடிக்க நேரம் கொடுத்தார். அவர்கள் ஐஸ் துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குடித்தார்கள். கிழக்குக் கேலரி மொத்தமும் சத்தமில்லாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மென்கா படியேறிப் போனார். மாமா அவரைக் கிண்டல் செய்யவில்லை. அப்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது என்று மென்கா பிறகு சொன்னார். மாமாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கொதித்தது. சட்டையைத் தொட்டார். பக்கத்தில் எல்லோருடைய சட்டையும் நனைந்து முதுகோடு ஒட்டியிருக்க, மாமாவுடையது மட்டும் காய்ந்து மொடமொடவென்று இருந்தது. வியர்வை நின்றுபோயிருந்தது.

கீழே ஓடிவந்து வாக்கி டாக்கியில் பாஸ்கோவைக் கூப்பிட்டார். மேற்குக் கயிற்றை அவிழ்க்க வேண்டும், இவர்களை நிழலுக்கு அனுப்ப வேண்டும் என்றார். முதலுதவிக்காரர்கள் ஏற்கெனவே ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

"இடைவேளைக்கு இன்னும் கொஞ்ச நேரந்தான் மென்கா. அது வரைக்கும் தாங்குவாங்க. யாரும் எந்திரிக்கலையே, நீயே பாரேன்."

அது உண்மைதான். யாரும் எழுந்திருக்கவில்லை. அதுதான் மென்காவுக்குப் புரியவில்லை. இலவச டிக்கெட், பிடிக்காத கிளப், இத்தனை வெயில். யார் கட்டிப்போட்டார்கள் இவர்களை? திரும்ப மேலே போய் மாமாவின் தோளைப் பிடித்தார். "மாமா, எந்திரிங்க, நிழலுக்குப் போலாம்."

மாமாவின் உதடு அசைந்தது, பேச்சு குழறியது. அத்தைதான் பதில் சொன்னார். "பஸ்லயே பேசி வச்சுக்கிட்டோம். இடைவேளை வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாதுன்னு. டிவில பாப்பாங்களாம்ல. நாங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டா உன் வேலைக்கு ஆபத்துன்னு உங்க மாமாதான் எல்லார்கிட்டயும் சொன்னாரு."

மென்கா படிக்கட்டின் நடுவில் ஏறி, கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்று, முதலில் அவர்கள் மொழியிலும் பிறகு எல்லோருக்கும் புரியும்படியும் கத்தினார்.

"எனக்காக உக்காந்தது போதும். எந்திரிங்க. வேலை போனா போகட்டும், இங்க யாரும் சாகக் கூடாது. நிழலுக்குப் போங்க."

முதலில் பின்வரிசை எழுந்தது. பிறகு எல்லோரும். நான் ஓடிப் போய்க் கோல் கம்பத்துக்குப் பின்னால் மேற்குப் பக்கம் போகும் கதவைத் திறந்தேன்; காவலாளி என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மேற்குக் கயிற்றை அவிழ்க்கப் போனான். நான் திரும்பி வந்தபோது திரையில் நீலம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. சிட்னியில் ஏசி அறையில் இருந்த வர்ணனையாளர், பெர்த்தில் ரசிகர்களுக்குப் பொறுமை போய்விட்டது போலிருக்கிறது என்று சிரித்தார்.

மாமாவை நான்கு பேர் தூக்கினார்கள். முதலுதவி அறை நிரம்பியிருந்தது. அணியின் பிசியோதெரபிஸ்ட் உடைமாற்றும் அறைக் கதவைத் திறந்து, ஆட்டம் முடிந்து வீரர்கள் உட்காரும் ஐஸ் தொட்டியில் அவரைச் சட்டையோடு இறக்கினார். மென்கா தொட்டி ஓரத்தில் மண்டியிட்டு மாமாவின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தார். வஸ்கா அத்தை சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே சிலுவை போட்டார். ஆம்புலன்ஸ் வர நேரமானது. மேலே மைதானத்தில் யாரோ கோல் அடித்தார்கள். யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. மாமா கண் திறக்கவில்லை. மென்கா பேர் சொல்லிக் கூப்பிட்டார், திட்டினார், மறுபடி கூப்பிட்டார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆம்புலன்ஸ்காரர்கள் தூக்கும்போதுதான் மாமாவின் கண் லேசாகத் திறந்தது.

"டிவில நான் தெரிஞ்சேனா?"

"தெரிஞ்சீங்க மாமா," என்றார் மென்கா.

மாமா பிழைத்தார். பாஸ்கோ மறுநாள் மென்காவை அறைக்குள் கூப்பிட்டார். வெளியே வரும்போது இருவர் கண்ணும் சிவந்திருந்தது. வேலை போகவில்லை. டயர் கம்பெனி கையெழுத்து போடவுமில்லை, மாட்டேன் என்று சொல்லவுமில்லை. போன் அடித்தாலே பாஸ்கோவுக்கு முகம் வெளுக்கிறது.

மென்கா மறுபடி அந்த மக்களைக் கூப்பிட வேண்டியிருந்தது. எண்ணைப் போடுவார், மணி அடிக்குமுன் வைத்துவிடுவார். கடைசியில் மாமாவே கூப்பிட்டு, மேற்கில் கூரைக்குக் கீழே இடம் தந்தால் எல்லோரும் வருகிறோம், ஆனால் டிவியில் தெரியாத இடத்துக்குக் காசு தரமாட்டோம் என்றார்.

இப்போதும் ஆட்ட நாளில் வாசல் திறக்குமுன் மென்கா தனியாகக் கிழக்குக் கேலரிக்குப் போகிறார். மாமா உட்கார்ந்த நீல நாற்காலியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறார். கையை வைத்திருக்க முடியவில்லை என்றால் அந்தக் கேலரிக்குக் கயிறு கட்டிவிடுகிறார். பாஸ்கோ தடுப்பதில்லை, பார்ப்பதுமில்லை. கை தாங்கும் நாட்களில் மென்கா ஆட்களை உள்ளே விடுகிறார். விட்டபிறகு ஆட்டத்தின் பக்கம் திரும்புவதே இல்லை. கூரைமேல் கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே நிற்கிறார்.